டிஷ்ஷைத் திருப்புவதற்கு முன்னால்: மதுரைப் பக்கத்து வீடுகளுக்கான சிக்னல் வழிகாட்டி

டிவி நின்றதும் ஒருவர் மொட்டை மாடிக்கு ஓடி டிஷ்ஷைப் பிடித்து ஆட்டுவதும், இன்னொருவர் படியில் நின்று "வந்துச்சா, வரலையா" என்று குரல் கொடுப்பதும் நம் தெருக்களில் சகஜம். முதலில் அதை நிறுத்துங்கள். நேற்று வரை ஒழுங்காகப் படம் காட்டிய டிஷ் யாரும் தொடாமல் திசை மாறுவது அபூர்வம். கேபிள், கனெக்டர், எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கம்பியில் இருக்கும் சிக்னல் வாங்கி), செட்டாப் பாக்ஸ், ரீசார்ஜ் என்று கெடுவதற்கு வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன. டிஷ்ஷை அசைத்துவிட்டால் இருந்த ஒரு கோளாறு இரண்டாகிவிடும். அப்புறம் முதலில் எது கெட்டது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. 60 செ.மீ. டிஷ் வானத்தில் பார்க்கிற அகலம் ஏறக்குறைய 3 டிகிரிதான். டிஷ் மாட்டியிருக்கும் 2 அங்குலக் குழாயின் மேல் 1 டிகிரி என்பது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கையால் ஆட்டி அதைப் பிடிக்க முடியாது. எப்போது போகிறது, எந்தச் சேனல் போகிறது, எந்த டிவியில் போகிறது என்று கவனியுங்கள். கோளாறு இருக்கும் இடத்தை இந்த மூன்றும் அநேகமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

மாடிக்குப் போகாமலே பார்க்க வேண்டியவை

திரையில் வரும் அறிவிப்பு யாருடையது? கருப்போ நீலமோ ஆன திரையில் "நோ சிக்னல்" என்ற எழுத்து மட்டும் மிதந்தால் அது பெரும்பாலும் டிவியே சொல்வது. பாக்ஸிலிருந்து டிவிக்கு வரும் எச்டிஎம்ஐ ஒயர் கழன்றிருக்கும், அல்லது ரிமோட்டில் யாரோ சோர்ஸை மாற்றியிருப்பார்கள். டிஷ்ஷுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நிறுவனத்தின் சின்னத்தோடு வரும் அறிவிப்புதான் பாக்ஸ் சொல்வது. அதிலும் சந்தா, பேக், கார்டு என்ற சொற்கள் இருந்தால் சிக்னல் நன்றாகவே வருகிறது, கணக்கில்தான் ஏதோ பாக்கி. ஊருக்குப் போயிருந்த நாட்களில் பாக்ஸை அணைத்து வைத்திருந்தால், ரீசார்ஜ் செய்த பிறகும் அனுமதி வர நேரமாகும். அந்த அனுமதியே செயற்கைக்கோள் வழியாகத்தான் வருகிறது. ஏதாவது ஒரு சேனலில் வைத்து, பாக்ஸை ஓடவிட்டுக் காத்திருங்கள்.

அடுத்து, மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு கோடுகள் தெரியும். ஸ்ட்ரெங்த் என்பது எல்என்பிக்கு உயிர் இருக்கிறது, கேபிள் வழியாக ஏதோ வருகிறது என்பதற்கு அடையாளம். டிஷ் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், எல்என்பியின் சொந்த இரைச்சலே ஓரளவு ஸ்ட்ரெங்த் காட்டும். குவாலிட்டிதான் செயற்கைக்கோள் பிடிபட்டிருக்கிறதா என்று சொல்லும் கோடு. வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் இரண்டு எண்களையும் குறித்து பாக்ஸின் அடியில் ஒட்டிவையுங்கள். கோளாறு வரும் நாளில் அந்தச் சீட்டு பெரிய உதவி.

எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் போய்விட்டது

தை மாதம் அலங்காநல்லூரில் காளை அவிழ்க்கும் நேரத்தில் போனால் கோபம்தான் வரும். முதலில் அதே நிறுவனத்தின் டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கேயும் இல்லையென்றால் உங்கள் வீட்டில் செய்ய எதுவும் இல்லை.

அங்கே வருகிறது, உங்களுக்கு ஸ்ட்ரெங்த், குவாலிட்டி இரண்டுமே பூஜ்யம் என்றால் பழுது கேபிளிலோ எல்என்பியிலோ பாக்ஸிலோ இருக்கிறது. பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னால் இருக்கும் திருகு கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்காமல் கழற்ற வேண்டாம். அந்தக் கேபிளில்தான் எல்என்பிக்கு மின்சாரம் போகிறது. நடுவில் நிற்கும் கம்பி பளபளப்பாக, கனெக்டரின் விளிம்பைவிட 2, 3 மி.மீ. வெளியே தெரிய வேண்டும். சுற்றியிருக்கும் வலைக்கம்பியின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகிவிடும். எல்என்பி ஷார்ட் என்று திரை சொல்கிறதா? கேபிளைக் கழற்றிவைத்து பாக்ஸை மட்டும் போடுங்கள். அறிவிப்பு போய்விட்டால் பாக்ஸ் நல்லது, தப்பு வெளியே.

இங்கே நான் நம்புகிற சோதனை ஒன்றுதான். பாக்ஸையும் ஒரு சின்ன டிவியையும் மாடிக்கே கொண்டுபோய், 2 மீட்டர் புது ஒயரால் எல்என்பியோடு நேராக இணைத்துப் பாருங்கள். படம் வந்தால் கேபிள்தான் குற்றவாளி. வராவிட்டால் எல்என்பியோ பாக்ஸோ; பக்கத்து வீட்டு பாக்ஸை ஐந்து நிமிடம் இரவல் வாங்கினால் அதுவும் தெரிந்துவிடும். இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். ஆனால் ஊகத்தில் எல்என்பி வாங்கி, பிறகு கேபிள் வாங்கி, கடைசியில் பாக்ஸையும் மாற்றும் செலவு மிச்சம்.

கேபிள் என்றால் எங்கே பார்ப்பது? சுவர் விளிம்பில் உரசும் இடம், படிக்கட்டுக்கு அடியில் டேப் சுற்றிய ஒட்டு, வெயிலில் காய்ந்து மேலுறை வெடித்த பகுதி. அணிலும் எலியும் கடித்த தடம் இருக்கும். அழகர்கோவில், திருப்பரங்குன்றம் பக்கம் குரங்குகள் வரும் வீடுகளில் தொங்கும் கேபிள் தப்பிப்பதே இல்லை. குழாய்க்குள் விட்டு, குழாயைச் சுவரில் கிளிப் அடித்து நிறுத்துங்கள். பாதியில் ஒட்டுப் போடுவதைவிட ஒரே நீளமாகப் புது ஆர்ஜி-6 கேபிள் இழுப்பதுதான் நிற்கும்.

ஸ்ட்ரெங்த் இருக்கிறது, குவாலிட்டி மட்டும் பூஜ்யம் என்றால் அப்போதுதான் டிஷ்ஷைச் சந்தேகிக்கலாம். அதையும் கண்ணால் மட்டும். டிஷ் கம்பத்தில் துணிக்கொடி கட்டியிருக்கிறார்களா? தண்ணீர்த் தொட்டி வேலைக்கு வந்தவர் நகர்த்தினாரா? வடகம் காயப் போட வந்தவர்கள் சாய்த்து வைத்தார்களா? இல்லையென்றால் குழந்தைகள் ரிமோட்டில் ரீசெட் அழுத்தி, எல்என்பி அமைப்பு மாறியிருக்கும்.

மழை வந்தால் போகிறது

நம் வீட்டு டிஷ்கள் பிடிப்பது கேயு-பேண்ட் என்ற மிகக் குறுகிய நீளமுள்ள அலை. கனத்த மழைத்துளிகள் அதை விழுங்கிவிடும். சித்திரை, வைகாசி மாலைகளில் இடியோடு வரும் கோடை மழையிலும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் பத்து இருபது நிமிடம் போய் வருவது இயல்பு. இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

நம் மாடியில் ஒரு சொட்டுகூட விழவில்லையே, எப்படிப் போனது என்று கேட்பார்கள். மதுரையிலிருந்து பெரும்பாலான டிஷ்கள் அக்னி மூலைப் பக்கம் பார்க்கின்றன. அந்தச் சாய்வில், 5 கி.மீ. உயரத்தில் இருக்கும் மழைமேகம் என்றால் அது உங்கள் வீட்டிலிருந்து தென்கிழக்கே 2 கி.மீ. தள்ளி நிற்கிறது. மழை அங்கே பெய்தாலும் பாதிப்பு உங்களுக்குத்தான்.

சாரலுக்கே போகிறது என்றால் அது மழையின் தப்பு இல்லை. வெயில் நாளிலேயே குவாலிட்டி ஓரமாக நிற்கிறது. டிஷ் கொஞ்சம் விலகியிருக்கும், அல்லது எல்என்பி தேய்ந்திருக்கும்.

மழை நின்று நெடுநேரம் ஆகியும் வராமல், மறுநாள் உச்சி வெயில் ஏறிய பிறகு தானாக வந்தால் எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது. எல்என்பியின் முன்மூடி வெடித்திருக்கிறதா பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். மூடி நன்றாக இருந்தால் கனெக்டரைக் கழற்றி, உள்ளே பச்சையோ கறுப்போ பிடித்திருக்கிறதா பாருங்கள். அப்படியானால் பளிச்சென்ற கம்பி வரும்வரை கேபிளை வெட்டித் தள்ளி, புது கனெக்டர் போட்டு, இழுத்துச் சுற்றினால் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் மூடுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் ஒரு கோடையைத் தாண்டாது. கேபிள் எல்என்பியில் நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். எல்என்பிக்குப் பாலிதீன் பை கட்டுவது வேண்டாம். பையில் தேங்கும் ஈரமே அலைக்குத் தடை.

இடி மின்னல் வரும்போல் இருந்தால், அது தொடங்கும் முன்பே பிளக்கையும் டிஷ் கேபிளையும் சேர்த்தே கழற்றுங்கள். மழை நேரத்தில் மாடிக்குப் போகவே வேண்டாம்.

பாதிச் சேனல்கள் வருகின்றன, பாதி வரவில்லை

வீட்டுக்காரர்களை அதிகம் குழப்புவது இதுதான். பாக்ஸ் கேபிள் வழியாக எல்என்பிக்கு இரண்டு மின்னழுத்தம் அனுப்புகிறது. 13 வோல்ட் என்றால் செங்குத்து அலை, 18 வோல்ட் என்றால் கிடைமட்ட அலை. நீண்ட கேபிள், துருப்பிடித்த ஒட்டு, மட்டமான மெல்லிய கம்பி, அல்லது பாக்ஸின் பவர் பகுதி தளர்ந்திருப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் 18 போய்ச் சேராது. எல்என்பி எப்போதும் 13 என்றே நினைத்துக்கொள்ளும். ஒரு பக்கத்துச் சேனல்கள் மொத்தமாகக் காணாமல் போகும். மாடியில் சின்ன ஒயர் போட்டுப் பார்க்கும் சோதனை இங்கேயும் தீர்ப்புச் சொல்லிவிடும்.

ஒரே ஒரு சேனல் மட்டும் இல்லை என்றால் சிக்னலைத் தேடாதீர்கள். பேக்கில் இல்லாமல் போயிருக்கும், இடம் மாறியிருக்கும், பெயர் மாறியிருக்கும். பொதிகையைக் காணோம் என்று இன்னும் கேட்பவர்கள் உண்டு. 2024 ஜனவரியிலிருந்து அது டிடி தமிழ். சேனல்களை மறுபடி ஸ்கேன் செய்தால் வந்துவிடும்.

தினமும் ஒரே நேரத்தில் சில நிமிடம் போகிறது

மார்ச் நடுவிலோ செப்டம்பர் கடைசியிலோ இது நடந்தால் பயப்பட வேண்டாம். அந்த நாட்களில் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளின் பின்னால் வந்து நின்று, தன் இரைச்சலால் டிஷ்ஷை நிறைத்துவிடுகிறது. மதுரையில் இது சன் டைரக்ட், டிடி ஃப்ரீ டிஷ் இருக்கும் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்குக் காலை 11 மணி சுமாருக்கு நடக்கும். ஏர்டெல்லின் 108.2 டிகிரிக்கு 10 மணி, டாடா பிளேயின் 83 டிகிரிக்கு 12 மணி வாக்கில். சில நாட்களில் தானாக நின்றுவிடும்.

இந்த நாட்கள் இலவசமாக ஒரு கருவியும் தருகின்றன. சூரியன் அப்போது செயற்கைக்கோளின் இடத்திலேயே இருப்பதால், அந்த நிமிடத்தில் டிஷ்ஷின் மேல் விழும் எந்த நிழலும் சிக்னலை மறைக்கும் பொருளின் நிழல்தான். வேப்பங்கிளையோ தொட்டியின் விளிம்போ நிழல் விழுந்தால் அதுதான் தடை. டிஷ் சரியான திசையில் இருந்தால், பிரதிபலிக்கும் ஒளித்திட்டு எல்என்பியின் வாயில் விழும். தள்ளி விழுந்தால் டிஷ் விலகியிருக்கிறது. அந்தப் பளபளப்பை நேராகக் கண் வைத்துப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

மறைப்பைப் பற்றி இன்னொன்று. செயற்கைக்கோள்கள் நமக்கு மிக உயரத்தில் தெரிகின்றன. 93.5 டிகிரியைப் பார்க்கும் டிஷ்ஷைவிட 15 மீட்டர் உயர்ந்த தென்னை, அந்தத் திசையில் 6 மீட்டருக்குள் இருந்தால்தான் மறைக்கும். சோழவந்தான் பக்கம் தோப்பு வீடுகளில்கூட டிஷ்ஷைச் சில அடி நகர்த்தினால் வழி கிடைக்கும். பக்கத்து வீட்டில் ஒரு மாடி எழுப்பியதால்தான் போச்சு என்று சண்டைக்குப் போகும் முன், அந்தச் சுவர் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று அளந்துவிடுங்கள். 3 மீட்டர் கூடுதல் உயரம் மறைக்க வேண்டுமானால் சுவர் ஒன்றேகால் மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

அக்னி நட்சத்திர மதியங்களில் மட்டும் போகிறது என்றால் வெப்பம். ஷோகேஸுக்குள் அடைத்த பாக்ஸை வெளியே எடுத்துக் காற்று படும்படி வையுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் எல்என்பியைச் சந்தேகியுங்கள்.

ஆடிக் காற்றில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது

கம்பம் ஆடுகிறது. அடித்தட்டில் இருக்கும் போல்ட்டுகளை இறுக்குங்கள். தளத்தில் பிடிமானம் போயிருந்தால் வேறு இடத்தில் ஆங்கர் போல்ட் அடியுங்கள். செங்கல் அடுக்கி முட்டுக் கொடுப்பது ஒரு காற்றுக்குக்கூடத் தாங்காது.

ஒரு டிஷ், இரண்டு டிவி

ஒரு டிவியில் சேனல் மாற்றினால் இன்னொன்றில் படம் போகிறதா? நடுவில் ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் சாதாரண ஸ்பிளிட்டர் போட்டிருக்கிறார்கள். ஒரு பாக்ஸ் 13 கேட்கும், மற்றது 18 கேட்கும். இரட்டை வெளியீட்டு எல்என்பி போட்டு ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனிக் கேபிள் இழுங்கள்.

பாக்ஸ் மாற்றினேன், எதுவும் வரவில்லை

ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்தின் சேனல்களைத் திறக்காது. ஒவ்வொருவரும் தனிப் பூட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். பாக்ஸ்கள் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-லேயே பரிந்துரைத்தது. அதை நம்பிப் பழைய பாக்ஸை விலை கொடுத்து வாங்கிவிடாதீர்கள். உறவினர் கொடுத்தார், பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று கொண்டுவந்து, அதை ஓடவைக்க ஆள் கூப்பிட்டு, ஏமாந்து நிற்பவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் மாதக் கட்டணத்தை மிச்சப்படுத்த நினைக்கும் வீடுகள் அவை.

மாற்றிப் பயன்படுத்த முடிகிறவை டிஷ், கம்பம், கேபிள், பல நேரம் எல்என்பியும். ஆனால் டிஷ் பார்க்கும் இடம் வேறாக இருக்கும். டிஷ் டிவியும் டி2எச்சும் 2018-ல் ஒன்றாகிவிட்டன. அதனால் பாக்ஸை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். டிஷ் டிவி 95 டிகிரியில், டி2எச் 88 டிகிரியில். பழைய சன் டைரக்ட் டிஷ்ஷிலும் சந்தேகம் வரலாம். 2010 ஜூலையில் இன்சாட்-4பி கோளில் மின்கோளாறு வந்தபோது அவர்களுடைய சேனல்கள் 91.5 டிகிரியில் இருக்கும் மீசாட் என்ற செயற்கைக்கோளுக்குப் போயின. அந்த நாளைய டிஷ் 91.5-ஐப் பார்க்கிறதா, 93.5-ஐப் பார்க்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்காக அதில் வேறு பாக்ஸ் மாட்டி, குவாலிட்டி வராவிட்டால் இந்த 2 டிகிரிதான் காரணமாக இருக்கலாம்.

குவாலிட்டி நன்றாக இருக்கிறது, சேனல் பெயரும் பட்டியலில் வருகிறது, திரை மட்டும் கறுப்பு அல்லது குரல் மட்டும் என்றால், சேனல் பூட்டியிருக்கிறது; அல்லது அது படத்தைச் சுருக்கி அனுப்பும் புது முறையான எம்பெக்-4, உங்கள் பாக்ஸ் பழைய எம்பெக்-2. ஃப்ரீ டிஷ்ஷில் இரண்டு வகையும் கலந்து வருவதால், பழைய பாக்ஸ்காரர்களுக்குச் சில சேனல்கள் கிடைப்பதில்லை. சில அலைவரிசைகளில் மட்டும் குவாலிட்டியே ஏறவில்லை, 13, 18 வோல்ட் இரண்டிலும் மற்றவை நன்றாக இருக்கின்றன என்றால், அவை டிவிபி-எஸ்2 என்ற புது ஒளிபரப்பு முறையில் வருகின்றன, பாக்ஸ் வெறும் பழைய டிவிபி-எஸ். இரண்டுக்கும் ரிமோட்டில் மருந்து இல்லை. புது ஃப்ரீ டிஷ் பாக்ஸ் வாங்குவதாக இருந்தால் எம்பெக்-4, டிவிபி-எஸ்2 இரண்டும் அட்டையில் போட்டிருக்கிறதா என்று படித்து வாங்குங்கள்.

ஃப்ரீ டிஷ் பாக்ஸ் புதிதாக வாங்கி ஸ்கேன் செய்தால் ஒரு சேனலும் வரவில்லை என்றால், எல்என்பி அமைப்பைப் பாருங்கள். சில பாக்ஸ்களில் 5150 என்று இருக்கும். அது பெரிய வலை டிஷ் பிடிக்கும் சி-பேண்ட் என்ற வேறு அலைக்கு உரியது. வீட்டு டிஷ்ஷுக்கு யுனிவர்சல், அதாவது 9750/10600 என்று வையுங்கள்.

டிவியிலேயே சாட்டிலைட் டியூனர் இருந்தால் பாக்ஸ் இல்லாமல் இலவசச் சேனல்களைப் பார்க்கலாம். கட்டணச் சேனல் வராது. டிவியின் பின்னால் திருகும் வகைச் சாட்டிலைட் சாக்கெட்டும், ட்யூனிங் மெனுவில் சாட்டிலைட் என்ற தேர்வும் இருக்க வேண்டும். ஆன்டெனா சாக்கெட் மட்டும் உள்ள டிவியில் டிஷ் கேபிளைச் செருகிப் பயனில்லை.

திருப்பியே ஆக வேண்டும் என்றால்

மேலே சொன்னதெல்லாம் பார்த்து, டிஷ்தான் என்று உறுதியான பிறகு இது. யூடியூபில் டெல்லிக்காரர் சொல்லும் எண்களை வைக்காதீர்கள். 93.5 டிகிரிக்கு டெல்லியில் வடக்கிலிருந்து வலமாக 149 டிகிரி திசை, அடிவானத்திலிருந்து 52 டிகிரி உயரம். மதுரையில் 122 டிகிரி திசை, 69 டிகிரி உயரம். மற்றவை மதுரைக்கு இப்படி:

டாடா பிளே: திசை 154, உயரம் 77
டி2எச்: திசை 135, உயரம் 74
டிஷ் டிவி: திசை 120, உயரம் 67
ஏர்டெல்: திசை 107, உயரம் 53

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் எல்லாவற்றுக்கும் தொடக்கமாக இந்த எண்களே போதும். திசைகாட்டியை இரும்புக் கம்பத்திலிருந்து சில அடி தள்ளி நின்று பாருங்கள். நம் டிஷ்கள், எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும் ஆஃப்செட் வகை என்பதால், உண்மையில் பார்க்கும் உயரத்தைவிட முகம் இருபது டிகிரிக்கு மேல் தாழ்ந்து தெரியும். கண்ணை நம்பாமல், பின்னால் பிராக்கெட்டில் அச்சிட்ட அளவைப் பின்பற்றுங்கள். கம்பம் முதலில் நீர்மட்டம் வைத்துச் செங்குத்தாக இருக்க வேண்டும். அது சாய்ந்திருந்தால் மற்ற எண்கள் எல்லாமே பொய்.

உயரத்தை வைத்து லேசாக இறுக்கிவிட்டு, பக்கவாட்டில் நூலளவு நகர்த்தி, ஒவ்வொரு முறையும் சில நொடி பொறுங்கள். குவாலிட்டி கோடு தாமதமாகத்தான் ஏறும். உச்சத்தைத் தாண்டி இறங்கும்வரை போய்த் திரும்பி வாருங்கள். பிறகு உயரத்திலும் அப்படியே. கடைசியில் எல்என்பியை அதன் கிளாம்புக்குள் மெல்லத் திருகிப் பாருங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இந்தத் திருகல் வடநாட்டைவிட இங்கே அதிகம் தேவைப்படும், குவாலிட்டியும் நன்றாக ஏறும். பிடிபட்டது உங்கள் செயற்கைக்கோள்தானா என்பதைச் சேனல் பெயர்களைப் பார்த்து உறுதி செய்யுங்கள்; பக்கத்துக் கோளிலும் கோடு ஏறும்.

நட்டுகளை ஒரு பக்கமாக முழுதும் இறுக்காமல் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்குங்கள், கோட்டைப் பார்த்துக்கொண்டே. இறுக்கும்போதுதான் டிஷ் அந்த அரை மில்லிமீட்டர் நழுவும். எல்லாம் நின்றதும் குழாயிலும் பிராக்கெட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை டிஷ் நகர்ந்ததா இல்லையா என்பதற்கு அதுவே சாட்சி.